கோத்தகிரியில் சிறுத்தை நடமாட்டம்: வீட்டு நாயையும் பூனைகளையும் இரவில் காப்பது எப்படி?

தேயிலைமேடு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒரு சிறிய குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். எங்கள் வீட்டின் பின்புறச் சுவரைத் தாண்டினால் நெடுங்காலமாகக் கவாத்துச் செய்யப்படாத ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே தேயிலைச் செடிகள் மரங்களாக வளர்ந்துவிட்டன; அவற்றுக்கு இடையே உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அதற்குக் கீழே ஓர் ஓடை, ஓடைக்கு அப்பால் சோலைக்காடு. சிறுத்தை இந்தப் பக்கம் வந்து போவது புதிய செய்தி அல்ல என்று தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

அண்மையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நாயைச் சிறுத்தை இரவில் கவ்விச் சென்றுவிட்டது. அந்த வீட்டின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியைப் பார்த்தேன். படிக்கட்டின் ஓரமாகப் பதுங்கி வந்த சிறுத்தை, உறங்கிக்கொண்டிருந்த நாயின் கழுத்தைப் பிடித்து, கழுத்துப்பட்டை அறும் வரை இழுத்து, மதிலைத் தாண்டிச் சென்றது. உள்ளே உறங்கியவர்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் நடுத்தர உயரமுள்ள ஒரு நாட்டு நாயும், இரண்டு பூனைகளும், கொல்லையில் சில கோழிகளும் இருக்கின்றன. நாய் இதுவரை இரவில் அவிழ்த்துவிடப்பட்டு வீட்டைச் சுற்றிவரும். அதுதான் அதன் வேலை என்றே என் மாமனார் கருதுகிறார். வயதானவர்கள் விடியற்காலையில் எழுந்து வெளியே நடமாடும் வீடு என்பதால் எனக்கு நாயைப் பற்றி மட்டுமல்லாமல் அவர்களைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

தெருவில் ஆளுக்கு ஓர் ஆலோசனை சொல்கிறார்கள். பட்டாசு வெடிக்கலாம் என்கிறார் ஒருவர். மதிலின் மேல் மின்கம்பி இழுக்கலாம் என்கிறார் இன்னொருவர். ராஜபாளையம் நாய் ஒன்றை வாங்கிவிட்டால் சிறுத்தை எட்டிப் பார்க்காது என்று மூன்றாமவர் உறுதியாகச் சொல்கிறார். கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டும் என்று கோரும் மனுவில் பெரும்பாலோர் கையொப்பமிட்டுவிட்டார்கள்; நான் இன்னும் இடவில்லை. இவற்றில் எவை உண்மையில் பயன் தரும் என்பதையும், நாய்க்கொட்டகை கட்டுவதானால் எப்படிக் கட்ட வேண்டும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

குன்னூர்க்காரன் பதில்:

முதலில் உங்கள் மாமனாருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். இரவில் வீட்டைச் சுற்றிவரும் நாய் திருடனிடமிருந்து வீட்டைக் காக்கலாம். சிறுத்தையைப் பொறுத்தவரை அந்த நாய்தான் அது தேடி வரும் இரை. உங்கள் தெருவுக்குச் சிறுத்தை வருவதற்கு நாய்களைவிடப் பெரிய காரணம் எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

ராஜபாளையம் நாயைப் பற்றிய நம்பிக்கை எங்கள் பகுதியிலும் உண்டு. சிறுத்தை தன் எடைக்கு நிகரான இரையைக் கொன்று தூக்கிச் செல்லும் விலங்கு. நன்கு வளர்ந்த ஓர் ஆண் சிறுத்தை 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ராஜபாளையமோ அதில் ஏறத்தாழப் பாதி எடைதான். சிறுத்தை எதிரே நின்று சண்டையிடுவதில்லை. பின்னாலிருந்து பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறது என்பதால், நாயின் வீரம் வெளிப்படுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. பெரிய நாய் வாங்கினால் பெரிய இரையை வாங்கியதாகவே முடியும்.

செய்ய வேண்டியவற்றில் மிக எளியதும் மிகப் பயனுள்ளதும் ஒன்றுதான்: மாலை மங்குவதற்கு முன் நாயை வீட்டுக்குள் அழைத்துக் கதவைத் தாழிடுங்கள், நன்றாக விடிந்த பிறகு திறந்துவிடுங்கள். பின்கட்டு, விறகு அறை, பயன்படாத குளியலறை என எந்த இடமானாலும் போதும், சுவரும் கூரையும் கதவும் இருக்க வேண்டும். நாயை வீட்டுக்குள் விடுவதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் இருப்பதை அறிவேன். அதைக் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் கொட்டகை தேவைப்படுகிறது.

கொட்டகையில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது கூரையை. ஆறடி உயரத்துக்குக் கம்பி வலை அடித்துவிட்டு மேலே திறந்துவிட்டால், அல்லது ஆணி அடிக்காத தகரத்தை வைத்து அதன்மேல் கல்லை வைத்தால், அது சிறுத்தைக்குத் தடையே ஆகாது. பத்தடி உயரத்தை நின்ற இடத்திலிருந்தே தாண்டக்கூடிய, மரமேறும் விலங்கு அது. ஆகவே கூரைத் தகட்டுக்குக் கீழேயும் வலை இருக்க வேண்டும். அந்த வலை சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவதாக, வலையின் தரம். கோழிக்கூண்டுக்கு வாங்கும் அறுகோண வலையைச் சிறுத்தை கிழித்துவிடும். சங்கிலிவலை ஓரளவு தாங்கும் என்றாலும், முனைகளில் கட்டுக்கம்பி அவிழ்ந்தால் ஒரு பக்கம் முழுவதுமே பிரிந்துவிடும். எல் வடிவ இரும்புச் சட்டத்தில், ஒவ்வொரு குறுக்கிலும் பற்றவைத்த தடித்த கம்பி வலைதான் நம்பத்தக்கது. கண்ணியின் அகலம் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிறுத்தை முன்காலை உள்ளே விட்டு நாயை வலையோரம் இழுத்துவிடும். கூண்டு உடையாமலே நாய் இறந்துபோவதற்கு இதுவே காரணமாகிறது. அதனால் முடிந்தால் மூன்று பக்கமும் சிமென்ட் கல் சுவர் எழுப்பி, முன்பக்கம் மட்டும் வலை போடுங்கள். படுக்கைப் பலகை பின்சுவரை ஒட்டி இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு இந்த அமைப்பே நல்லது. தரையிலிருந்து அரையடி உயர்த்திய பலகையும், அதன்மேல் சாக்கும் வைக்கோலும் இருந்தால் நாய் குளிரில் நடுங்காது.

தரை சிமென்டாக இருக்க வேண்டும். கதவு வெளியே திறப்பதாகவும், மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் கொண்டதாகவும் இருந்தால், மோதினாலும் உள்ளே சாயாது. கொட்டகையைக் கொல்லையின் மூலையில் கட்டாதீர்கள். நீங்கள் உறங்கும் அறையின் சன்னலுக்கு அருகே, வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டினால், நாயின் சத்தம் உங்களுக்குக் கேட்கும். உங்கள் சத்தம் அதற்குத் துணையாக இருக்கும்.

கொட்டகைக்கு உள்ளே நாயைச் சங்கிலியால் கட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டிய நாய்க்கு ஒதுங்கவும் வழியில்லை. உங்கள் தெருவில் நடந்ததே அதற்குச் சான்று.

தாழ்வாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். இரவு முழுவதும் ஒரே இடத்தில் எரியும் விளக்குக்குச் சிறுத்தை விரைவில் பழகிவிடும். அசைவை உணர்ந்து திடீரென எரியும் விளக்கு சில காலம் திடுக்கிடச் செய்யும். அதையும் அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் வெளியே வரும் பெரியவர்கள் காலடியையும் புதரோரத்தையும் பார்த்து நடப்பதற்கு விளக்கு கட்டாயம் தேவை. அந்த நோக்கத்துக்காகப் போடுங்கள், சிறுத்தை வராது என்ற நம்பிக்கையில் போடாதீர்கள். பட்டாசும் அப்படித்தான், தவிரவும், அது காட்டெருமையை மிரளச் செய்து தெருவுக்குள் ஓடவிட்டால் புதிய ஆபத்தை நாமே வரவழைத்தவர்கள் ஆவோம்.

மதிலின் மேல் மின்கம்பி என்ற பேச்சே வேண்டாம். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் பாய்ச்சுவது குற்றம். அதில் மனிதர்களும் யானைகளும் இறந்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். சூரிய ஆற்றலில் இயங்கும் மின்வேலிக்கும் தமிழ்நாடு அரசு 2023இல் தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது.

காட்டுத்தடம் பதில்:

கொட்டகையைப் பற்றிக் குன்னூர் நண்பர் எழுதியவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூண்டு வைக்கக் கோரும் மனுவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் நம் மாநிலத்துக்கு வெளியே கிடைத்த பாடங்கள் தெளிவாக உள்ளன.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில், கரும்புத் தோட்டங்களில் வாழ்ந்த சிறுத்தைகளைப் பிடித்துச் சராசரியாக 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காடுகளில் விடும் திட்டம் 2001இல் தொடங்கியது. 29 சிறுத்தைகள் அவ்வாறு இடம் மாற்றப்பட்டன. அதற்கு முன்பு, 1993 முதல் 2001 வரை, அப்பகுதியில் மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4 என்ற அளவில் இருந்தது. திட்டம் தொடங்கிய பின் அது 17 ஆக உயர்ந்தது. தாக்குதல்களில் உயிரிழப்பில் முடிந்தவற்றின் பங்கும் இரட்டித்தது. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். பிடிபடும்போதும் கூண்டில் அடைபடும்போதும் ஏற்படும் அதிர்ச்சி, அறிமுகமில்லாத நிலத்தில் விடப்படுவதால் உண்டாகும் அலைச்சல், விட்டுச்சென்ற இடத்தில் புதிய சிறுத்தை வந்து குடியேறுவது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த உயர்வு விளங்கும். எல்லை வகுத்து வாழும் ஒரு சிறுத்தையை நீக்கினால், இரை இருக்கும் வரை அந்த இடம் காலியாக இருக்காது. வருவது பெரும்பாலும் அனுபவமற்ற இளம் விலங்காக இருக்கும். எந்தத் தெருவில் மனிதர்கள் எந்நேரம் நடமாடுவார்கள் என்பதை அது இனிமேல்தான் கற்க வேண்டும்.

அதே ஆய்வாளர் பங்கேற்ற இன்னோர் ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டத்தில், காடே இல்லாத வயல்வெளிகளில் வாழும் சிறுத்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவுகளின்படி, அவற்றின் உணவில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். அதில் நாய்களின் பங்கு மட்டும் 39 விழுக்காடு. பூனைகள் 12, ஆடுகள் 11. இந்த இடத்தில் சற்று நிதானித்துப் பாருங்கள். அந்த வட்டத்தில் ஆடுகளின் எண்ணிக்கை நாய்களைவிட ஏழு மடங்கு அதிகம். கைக்கெட்டும் இரை ஆடு என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் ஆடுகளை மாலையில் பட்டியிலோ வீட்டுக்குள்ளோ அடைத்துவிடுகிறார்கள், நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள். அடைப்பதும் விடுவதும்தான் அங்கே சிறுத்தையின் உணவைத் தீர்மானித்திருக்கிறது. ஓர் ஆட்டுக்குச் செய்வதை நாய்க்கும் செய்தால் போதும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. பூனைகளின் 12 விழுக்காட்டையும் நீங்கள் கவனிக்க வேண்டும். பூனை மரமேறித் தப்பிவிடும் என்ற எண்ணம், தானும் மரமேறும் ஒரு விலங்கிடம் செல்லாது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை, மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதலாவது அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிக்க ஆணையிடும் அதிகாரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கே உண்டு. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது அல்லது மீள முடியாதபடி நோயுற்றோ ஊனமுற்றோ இருக்கிறது என்று அவர் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். நாயைத் தூக்கிச் சென்றது மட்டுமே அதற்குப் போதுமான காரணமாகாது. தனியார் கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும் வேட்டையாகவே கருதப்படும். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

விஷத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இத்தகைய தெருக்கூட்டங்களில் யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில் அதைச் சொல்வார் என்பதால் எழுதுகிறேன். 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருந்தது தெரியவந்து, மாட்டின் உரிமையாளர் கைதானார். மாட்டை இழந்த ஏழை ஒருவருடைய ஆத்திரம் அவரையே சிறைக்கு அனுப்பியது. விஷம் வைத்த உடலைத் தின்னும் கழுகும் நரியும் தெருநாயும்கூடச் சாகும்.

மனு கொடுப்பதானால் அதன் கோரிக்கையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட தோட்டத்தின் உண்ணிச்செடியை வீடுகளிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு வெட்ட வேண்டும், தெருவிளக்குகளைச் சரிசெய்ய வேண்டும், குப்பையை நாள்தோறும் அகற்ற வேண்டும், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டும், வனத்துறை தானியங்கிக் கேமரா வைத்து நடமாட்டத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று கேளுங்கள். குப்பைமேடு நாய்களையும் பன்றிகளையும் கூட்டும். அவை சிறுத்தையைக் கூட்டும். உங்கள் வீட்டு நாயை நீங்கள் அடைத்துவைத்தாலும், தெருவில் நாய்கள் சோற்றுக்காகக் காத்திருக்கும் வரை சிறுத்தை வந்துகொண்டுதான் இருக்கும்.

வால்பாறை_லைன்வீடு பதில்:

மேலே எழுதிய இருவரும் சொந்த வீடும் கொல்லையும் உள்ளவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர்கள் சொன்னது எதுவும் தவறு அல்ல. ஆனால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டப்பட்ட எஸ்டேட் லைன் வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான் உண்டு. அங்கே நாய் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானதும் அல்ல. லைன் முழுவதும் சோறு போடும், லைன் முழுவதுக்கும் குரைக்கும். யானை வந்து நிற்பதை எங்களுக்கு முதலில் சொல்வது அந்த நாய்தான். கும்மிருட்டில் வெளியே இருக்கும் கழிவறைக்குப் போகும் பெண்கள் நாய் முன்னே போனால்தான் துணிவோடு போகிறார்கள். இரவில் நாயை அடையுங்கள் என்ற அறிவுரை இங்கே அவ்வளவு எளிதாகச் செல்லாது.

இருந்தாலும் நாய் லைன் வாசலில் படுத்திருப்பதால் சிறுத்தை வாசல் வரை வருகிறது என்பதையும் நாங்கள் அறிந்தே இருக்கிறோம். வால்பாறைத் தோட்டங்களில் மாலை வேளையில் வாசலில் விளையாடிய சிறு குழந்தைகளைச் சிறுத்தை கவ்விச் சென்ற துயரங்கள் நடந்திருக்கின்றன. குனிந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உயரமும் நாயின் உயரமும் ஒன்றுதான் என்பதை எங்கள் பெரியவர்கள் எப்போதும் சொல்லி எச்சரிப்பார்கள்.

எங்கள் லைனில் பொதுவாக ஒரு கொட்டகை கட்டினோம். லைனின் கடைசி வீட்டுச் சுவரை ஒட்டி, பழைய கதவுச் சட்டங்களையும் எஸ்டேட்டிலிருந்து கிடைத்த இரும்புக் கம்பிகளையும் வைத்து, எல்லா நாய்களும் சேர்ந்து படுக்கும் அளவுக்கு அமைத்தோம். உள்ளே இருந்தபடியே அவை குரைக்கின்றன. யானை வந்தால் முன்போலவே தெரிகிறது. காவல் வேலைக்கு நாய் வெளியே இருக்க வேண்டும் என்பதில்லை, அதன் மூக்கும் காதும் திறந்திருந்தால் போதும் என்று உங்கள் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள். கழிவறைப் பாதைக்கு விளக்கும், லைனைச் சுற்றிப் புதர் வெட்டுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று தொழிற்சங்கத்தின் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்; சில இடங்களில் நடந்திருக்கிறது.

ஒரு சிறு குறிப்பு. சிறுத்தை அருகில் இருந்தால் காடே சொல்லிவிடும். கேளையாடு விட்டுவிட்டுக் குரைப்பதையும், மந்திகள் ஓரிடத்தைப் பார்த்துக் கத்துவதையும் கவனியுங்கள். சிறுத்தையின் சொந்தக் குரல் ரம்பம் மரத்தை அறுப்பதுபோல் இருக்கும். ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார்.

கால்நடை_மருத்துவம் பதில்:

மலைப்பகுதியில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். சிறுத்தையிடமிருந்து தப்பி வரும் நாய்களும் உண்டு. அவற்றின் கழுத்தில் வெளியே தெரிவது சிறிய துளைகளாக இருக்கும். உள்ளே தசை கிழிந்து, மூச்சுக்குழாய் சேதமடைந்து, சில மணி நேரத்தில் கழுத்து முழுவதும் வீங்கக்கூடும். ஆகவே நாய் எழுந்து நடக்கிறது, சோறு தின்கிறது என்பதை நம்பி வீட்டிலேயே மஞ்சள் பூசி வைத்திருக்கக் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு நன்றாகக் கழுவி, இறுக்கிக் கட்டாமல், உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கழுவுபவர் கையுறை அணிய வேண்டும். வலியில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். கடிபட்டாலோ, நம் கைக்காயத்தில் அதன் எச்சில் பட்டாலோ மனிதருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி தேவைப்படும். முன்பே தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், காட்டு விலங்கு கடித்த பின் மீண்டும் ஊசி போடுவது அவசியம்.

தடுப்பூசி நம் நாய்க்கு மட்டும் உரிய காப்பு என்று நினைக்க வேண்டாம். நாய்களிடம் காணப்படும் டிஸ்டம்பர் என்னும் வைரஸ் நோய் பூனையினத்துப் பெரு விலங்குகளையும் தாக்கும். 2018இல் குஜராத்தின் கிர் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோது, அவற்றில் பலவற்றிடம் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. காட்டோரம் நாய் வளர்ப்பவர்கள் வெறிநோய், டிஸ்டம்பர், குடலைத் தாக்கும் பார்வோ ஆகிய மூன்றுக்கும் ஆண்டுதோறும் ஊசி போட்டுவிடுவது காட்டுக்கும் செய்யும் நன்மை.

முள் பதித்த இரும்புக் கழுத்துப்பட்டையைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. இமயமலை இடையர்கள் தங்கள் பெரிய மந்தை நாய்களுக்கு அதை அணிவிக்கிறார்கள். முதல் கடியிலிருந்து கழுத்தை அது காக்கும். பல நாய்கள் சேர்ந்து இருக்கும்போது அந்த ஒரு கணம் உயிரைக் காப்பாற்றும். தனியாக இருக்கும் நடுத்தர நாயை நம் வீட்டில் அது காப்பாற்றும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். பகலில் தேயிலைக்காட்டு வழியே நடக்க அழைத்துச் செல்லும்போது நாயை வாரால் பிடித்துக்கொள்வதே மேல். அவிழ்த்துவிட்ட நாய் புதரில் எதையோ துரத்திக்கொண்டு போகும். துரத்தப்பட்டால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும். 2023 தீபாவளி நாளில் குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும்: நாயைத் துரத்திவந்த சிறுத்தை வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது, மீட்க வந்த தீயணைப்பு வீரர்கள் உட்படச் சிலர் காயமடைந்தார்கள். ஒருவேளை சிறுத்தை வீட்டுக்குள் வந்துவிட்டால், அது இருக்கும் அறையை வெளியிலிருந்து சாத்திவிட்டு அனைவரும் வெளியேறி வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூட்டம் கூடிக் கூச்சலிடுவதுதான் காயங்களுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

பூனைகளை மாலைக்குப் பின் வீட்டுக்குள்ளேயே வைத்து, மணல் தட்டில் பழக்கிவிடுங்கள். கோழிகளைத் தூக்குவது பெரும்பாலும் கீரி, மரநாய், காட்டுப்பூனை ஆகியவையே. இவை சிறிய சந்திலும் நுழையும் என்பதால் கோழிக்கூண்டின் வலைக் கண்ணி அரை அங்குலமாகவும், கீழ்விளிம்பு ஓரடி மண்ணுக்குள் புதைந்ததாகவும் இருக்கட்டும்.

தேயிலைமேடு மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. வால்பாறை நண்பர் எழுதியதை மாமனாரிடம் படித்துக் காட்டினேன்; நாய் உள்ளே இருந்தபடி குரைத்தால் போதும் என்ற கருத்தை அவர் ஏற்றுக்கொண்டார். கொட்டகை கட்டி முடியும் வரை நாய் விறகு அறையில்தான் படுக்கும். மனுவை மாற்றி எழுதுவது பற்றித் தெருவில் பேசினேன். புதர் வெட்டும் கோரிக்கையை எல்லோரும் ஏற்றார்கள். கூண்டுக் கோரிக்கையை நீக்குவதற்கு நாயை இழந்த குடும்பம் இசையவில்லை, அவர்களுடைய வருத்தத்தில் அது இயல்புதான். இரண்டும் தனித்தனி மனுக்களாகப் போகின்றன. நான் முதலாவதில் மட்டும் கையொப்பமிட்டிருக்கிறேன்.

ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. எங்கள் பகுதியில் கரடியும் வரும். கோயில் விளக்கின் எண்ணெய்க்காகக் கதவையே உடைக்கும் விலங்கு அது. கொட்டகைக்குள் நாயின் உணவை வைத்தால் அதை இழுக்குமா?

குன்னூர்க்காரன் பதில்:

கட்டாயம் இழுக்கும். கொட்டகைக்குள் இரவில் தண்ணீர்க் கிண்ணத்தைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மாலையில் வெளியே வைத்து உணவு கொடுத்து, மீதியை அப்புறப்படுத்தி, தட்டைக் கழுவி, அதன் பிறகு நாயை உள்ளே விடுங்கள். கருவாடு, எண்ணெய்ப் பிண்ணாக்கு, பலாப்பழம் ஆகியவற்றை விறகு அறையில் சேமித்திருந்தால் அவற்றையும் இன்றே இடம் மாற்றிவிடுங்கள். நாய் இப்போது படுப்பது அங்கேதான் என்கிறீர்கள்.